பீரங்கிக்குள் போன பேரிங்: ஆயுதக் கொள்முதலில் துணை ஒப்பந்தக் கண்காணிப்பு குறித்து மதுரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2017 ஜூலையில் மத்தியப் புலனாய்வுத் துறை ஒரு வழக்கைப் பதிவுசெய்தது. இந்தியத் தரைப்படைக்காக உருவாகிக்கொண்டிருந்த தனுஷ் பீரங்கிக்கு, டெல்லியைச் சேர்ந்த ஒரு வணிக நிறுவனம் சீனாவில் தயாரான பேரிங்குகளை ஜெர்மன் தயாரிப்பு என்று சொல்லி வழங்கியது என்பதும், அவற்றை வாங்கிய ஜபல்பூர் கன் கேரேஜ் தொழிற்சாலையின் அலுவலர்கள் சிலர் அதற்கு உடந்தையாக இருந்தனர் என்பதும் அதில் கூறப்பட்ட குற்றச்சாட்டு. ஆயுதக் கொள்முதல் முறைகேடு என்றதும் நம் நினைவுக்கு வரும் கோடிக்கணக்கான தரகுப் பண விவகாரங்களோடு ஒப்பிட்டால் இதில் புழங்கிய தொகை சிறியது. நாளிதழின் உள்பக்கத்தோடு முடிந்துபோகக்கூடியது. ஆனாலும், ஓர் ஆயுதத்தின் பாகம் உண்மையில் யார் கையில் உருவானது என்ற எளிய கேள்விக்கு அரசிடம் எப்படி விடை இல்லாமல் போகிறது என்பதை இந்த வழக்கைப் போலத் தெளிவாகக் காட்டும் வேறொன்று நம் நாட்டில் இல்லை என்றே கருதுகிறேன்.

இதை மதுரையிலிருந்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2018-19ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து ஊர்கள் முனையங்களாகக் குறிக்கப்பட்டன. மதுரை அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததால் வேலை வராமல் இல்லை. கோவையிலும் திருச்சியிலும் ஆர்டர் எடுக்கும் நிறுவனங்கள், தங்களால் செய்ய இயலாத அல்லது செய்தால் கட்டுப்படியாகாத சிறு பாகங்களைக் கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளில் இருக்கும் பட்டறைகளுக்குக் கொடுத்தனுப்புகின்றன. சங்கிலியின் கடைசிக் கண்ணி நம் ஊரில் இருக்கிறது. ஆனால் அரசின் எந்தப் பதிவேட்டிலும் அது தெரிவதில்லை. தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்துவிட்டு, இப்போது இத்தகைய பட்டறைகளுக்குச் சோதனை ஆவணங்கள் தயாரிக்க உதவிவரும் எனக்கு, ஜபல்பூர் வழக்கு தொலைதூரச் செய்தியாகத் தோன்றவில்லை.

வழக்கின் விவரம்

தனுஷ், 155 மில்லிமீட்டர் விட்டமும் 45 காலிபர் நீளமும் கொண்ட இழுவைப் பீரங்கி. 1986-ல் ஸ்வீடனின் போஃபர்ஸ் நிறுவனத்திடம் பீரங்கிகள் வாங்கியபோது கிடைத்த தொழில்நுட்ப ஆவணங்களை அடிப்படையாகக் கொண்டு, அதை நீட்டித்து மேம்படுத்தி, ஜபல்பூரில் உருவாக்கப்பட்டது. 38 கிலோமீட்டர் வரை சுடக்கூடியது. 2019 ஏப்ரலில் முதல் ஆறு பீரங்கிகள் தரைப்படையிடம் ஒப்படைக்கப்பட்டபோது, 81 சதவீதப் பாகங்கள் உள்நாட்டில் செய்யப்பட்டவை என்று பெருமையோடு சொல்லப்பட்டது. அந்தப் பெருமை நியாயமானது. மீதமுள்ள பாகங்கள் இறக்குமதியானவை. நம் வழக்கு அங்குதான் தொடங்குகிறது.

பீரங்கிக்கு ‘வயர் ரேஸ் ரோலர் பேரிங்’ என்ற ஒரு பாகம் தேவைப்பட்டது. சாதாரண பேரிங்கில் உருளைகள் தடித்த எஃகு வளையத்தின் மீதே ஓடும். இவ்வகையில் அவை, வளையத்துக்குள் பதிக்கப்பட்ட கடினமான எஃகுக் கம்பிகளின் மீது ஓடும். பெரிய விட்டமும் குறைந்த எடையும் ஒருசேர வேண்டிய சுழல் இணைப்புகளுக்கு ஏற்றது. டெல்லி நிறுவனத்துக்கு 2013-ல் நான்கு பேரிங்குகளுக்கு 35.38 லட்சம் ரூபாய்க்கு ஆர்டர் தரப்பட்டது. 2014 ஆகஸ்டில் அது ஆறு பேரிங்குகளாகவும் 53.07 லட்சம் ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. ஒரு பேரிங்கின் விலை ஏறத்தாழ 8.85 லட்சம். பொருள் எங்கே தயாரானது என்பதைச் சொல்லும் மூலச் சான்றிதழ்கள் ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் பெயரில் இணைக்கப்பட்டிருந்தன. பேரிங்குகளின் அளவுகள் வரைபடத்தோடு ஒத்துப்போகவில்லை என்பது தொழிற்சாலையில் கவனிக்கப்பட்டது. இருந்தும் அவை ஏற்றுக்கொள்ளப்பட்டன. குறை ஏதும் தென்பட்டால் நல்லெண்ண அடிப்படையில் இலவசமாக மாற்றித் தருவதாக விற்றவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

புலனாய்வுத் துறையின் அறிக்கைப்படி, அந்தப் பேரிங்குகள் சீனாவின் ஹெனான் மாகாணத்தில் தயாரானவை. சான்றிதழ்கள் போலியானவை. அதைவிட முக்கியமான ஒன்றையும் அறிக்கை கூறியது: சான்றிதழில் பெயர் இருந்த ஜெர்மன் நிறுவனம் இந்த வகைப் பேரிங்குகளைத் தயாரிப்பதே இல்லை.

இந்தக் கடைசிச் செய்தியில் சற்று நின்று யோசிக்க வேண்டும். போலி என்பதைக் கண்டறிய உலோகவியல் ஆய்வுக்கூடமோ உளவுத் தகவலோ தேவைப்பட்டிருக்காது. சான்றிதழ் தந்ததாகச் சொல்லப்படும் நிறுவனத்துக்கு ஜபல்பூரிலிருந்து நேரடியாக ஒரு மின்னஞ்சல் போயிருந்தால், பேரிங் பீரங்கியில் ஏறும் முன்பே உண்மை தெரிந்திருக்கும். 2014-ல் வந்து சேர்ந்த பொருளுக்கு 2017-ல் வழக்கு. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் அந்த மின்னஞ்சலை எழுதும் பொறுப்பு யாருக்கு இருந்தது என்று கேட்டால், விதிப்படி அப்படி ஒருவர் இல்லை என்பதே விடையாக இருக்கும். குற்றம் நடந்ததா, யார் செய்தார்கள் என்பதை நீதிமன்றம் முடிவுசெய்யட்டும். குற்றவாளி ஒருவரும் இல்லாவிட்டாலும்கூட இந்த இடைவெளி இருக்கிறது என்பதே எனக்குக் கவலை தருகிறது.

கப்பலூரில் ஒரு ரப்பர் வளையம்

மதுரை வட்டாரத்துக்கு ரப்பர் தொழில் புதிதன்று. டயர், பெல்ட் முதலியவற்றைச் செய்யும் பெரிய ஆலைகளைச் சுற்றி, அவற்றில் வேலை கற்று வெளியே வந்தவர்கள் நடத்தும் சிறு பட்டறைகள் ஏராளம். கன்னியாகுமரி நெடுஞ்சாலையை ஒட்டிய கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் அப்படி ஒரு பட்டறையில் நான் பார்த்ததை இங்கே பதிவு செய்கிறேன். இரண்டு உருளை கொண்ட மிக்சிங் மில் ஒன்று, ஹைட்ராலிக் பிரஸ் மூன்று, ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து மோல்டிலிருந்து வந்த வளையங்களின் ஓரப்பிசிறைக் கத்தரியால் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள். நறுக்கிய ஒவ்வொரு வளையத்தையும் அவர்கள் விரலில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டே கூடையில் போட்டார்கள். எந்த ஆய்வாளரும் செய்யாத நூறு சதவீதச் சோதனை அது.

அன்று அங்கே ஓடிக்கொண்டிருந்தது நைட்ரைல் ரப்பரில் ஓ-ரிங், அதாவது இணைப்புகளில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் வளையம். கோவையில் ஹைட்ராலிக் சிலிண்டர் செய்யும் ஒரு நிறுவனம் கொடுத்த ஆர்டர். மேசையில் இருந்த டிராயிங்கின் வலது கீழ் மூலையில், வழக்கமாக வாடிக்கையாளர் பெயரும் பாகத்தின் பெயரும் ஒப்புதல் கையெழுத்தும் இருக்கும் கட்டம், வெள்ளைத்தாள் வைத்து மறைத்து நகலெடுக்கப்பட்டிருந்தது. அளவுகளும், பொருளின் பெயரும், ‘70 ஷோர் ஏ’ என்ற கடினத்தன்மையும் மட்டுமே மிஞ்சியிருந்தன. இது எங்கே போகிறது என்று கேட்டேன். “டிஃபென்ஸ் ஜாப்பு, லேட் பண்ணாதீகன்னு போன்ல சொன்னாக சார். அதுக்கு மேல நமக்குத் தெரியாது” என்றார் உரிமையாளர்.

டெஸ்ட் சர்டிபிகேட் எப்படிக் கொடுக்கிறீர்கள் அண்ணே என்றதற்கு, வெறுந்தாளில் அளவுகளையும் சோதனை விவரங்களையும் அடித்து அனுப்பினால் போதும், லெட்டர்ஹெட் வேண்டாம் என்பது கோவைக்காரர்களின் ஏற்பாடு என்று விளக்கினார். கோவையில் அது அவர்களுடைய தாளுக்கு மாறும். “நம்ம பேரு மேல தெரிஞ்சுபோச்சுன்னா, அவுக அடுத்த தடவை நேரா நம்மகிட்ட வந்துருவாகன்னு பயம். அவரு பொழப்பு அது, நியாயந்தான சார்?”

நியாயம்தான். வணிகத்தில் எல்லா இடத்திலும் இருக்கும் பழக்கம் இது. இடைநிலையில் இருப்பவர் தனக்குக் கீழே இருப்பவரின் பெயரை மேலே சொல்ல மாட்டார். சொன்னால் தன் இடம் போய்விடும். கோவை நிறுவனத்தின் மீது எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. கப்பலூர் வளையம் ஒழுங்காகச் செய்யப்பட்ட பொருள் என்பதை நானே பார்த்தேன். ஆனால் செய்தவனின் பெயரை மறைக்கும் இந்த நேர்மையான பழக்கமும், செய்யாதவனின் பெயரை ஒட்டும் ஜபல்பூர்க் குற்றச்சாட்டும் ஒரே வழியில்தான் நடக்கின்றன. முதலாவதை இயல்பென்று ஏற்றுக்கொண்ட கொள்முதல் முறைக்கு, இரண்டாவது வரும்போது வேறுபாடு தெரியாது. இரண்டிலும் மேலே போய்ச் சேர்வது, கடைசியாக விற்றவர் தரும் தாள் மட்டுமே.

ரப்பரில் இதன் விளைவு என்ன என்பதைத் தொழில் அறியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். நைட்ரைல் ரப்பரின் சிறப்பு, அது எண்ணெயில் ஊறினாலும் பெரிதாக வீங்காது என்பது. விலை குறைக்க நினைப்பவர் அதில் இயற்கை ரப்பரையோ, பழைய ரப்பரை அரைத்துப் பதப்படுத்திய ரீகிளெய்ம் ரப்பரையோ கலந்துவிட்டு, கார்பன் பிளாக்கின் அளவைக் கூட்டிக் குறைத்து, அதே 70 ஷோர் கடினத்தன்மையைக் கொண்டுவந்துவிடலாம். கடினத்தன்மைக் கருவியை அழுத்திப் பார்த்தால் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். பார்வைக்கும் கைக்கும் வேறுபாடு தெரியாது. 100 டிகிரி எண்ணெயில் 70 மணி நேரம் ஊறவைத்து, எடையும் கனஅளவும் எவ்வளவு கூடியிருக்கின்றன என்று பார்க்கும் சோதனையில்தான் கலப்படம் வெளிப்படும். கப்பலூர்ப் பட்டறையில் இருந்தது கடினத்தன்மைக் கருவி மட்டும். எண்ணெய்ச் சோதனைக்கு வெளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்; அந்தக் கட்டணத்தை யார் கொடுப்பது என்பதற்கு ஆர்டரில் இடமே இல்லை. இந்த உரிமையாளர் தன் கைக்காசில் சோதித்து, அறிக்கையைக் கோப்பில் வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை என்று சொன்னபோது அவர் குரலில் இருந்த வருத்தம் எனக்குப் புரிந்தது.

இன்னொன்றும் உண்டு. ரப்பர் அலமாரியில் இருக்கும்போதே முதுமையடையும் பொருள். எந்தக் காலாண்டில் வேகவைக்கப்பட்டது, எந்தக் காம்பவுண்ட் (ரப்பர் கலவை) பேட்ச் என்பவை வளையத்தோடு கடைசிவரை போக வேண்டிய விவரங்கள். வெறுந்தாள் லெட்டர்ஹெட் தாளாக மாறும் இடத்தில் தேதியும் மாறினால், அதை மறுத்துச் சொல்ல மேலே யாருக்கும் வழியில்லை.

விதிகள் எதுவரை நீள்கின்றன

துணை ஒப்பந்தம் பற்றி நம் விதிகள் மௌனமாக இருக்கின்றன என்று சொன்னால் அது தவறு. பாதுகாப்பு அமைச்சகத்தின் கொள்முதல் கையேடு தரும் பொதுவான ஒப்பந்த வாசகத்திலேயே, வாங்குபவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் விற்பவர் ஒப்பந்தத்தையோ அதன் எந்தப் பகுதியையோ பிறருக்கு மாற்றவோ உள்குத்தகைக்கு விடவோ கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. படித்தால் கடுமையாகத்தான் தெரியும். ஆனால் கோவை நிறுவனம் கப்பலூரில் ஓ-ரிங் செய்து வாங்குவது, ஒப்பந்தத்தின் பகுதியை விட்டுக்கொடுப்பதா அல்லது கடையில் பொருள் வாங்குவதா? நடைமுறையில் எல்லோரும் இரண்டாவது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்துக்கொண்டதும் நிபந்தனைக்கு வேலை இல்லாமல் போகிறது.

பெரிய கொள்முதல்களுக்கான 2020ஆம் ஆண்டு பாதுகாப்புக் கையகப்படுத்தல் நடைமுறை இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போகிறது. உள்நாட்டு உள்ளடக்கம் எவ்வளவு என்பதை ஒவ்வோர் அடுக்கில் இருக்கும் விற்பனையாளரும் தனக்கு மேலே இருப்பவருக்குச் சான்றளிக்க வேண்டும்; அந்தச் சான்றுகளைத் தணிக்கை செய்யும் உரிமையை அமைச்சகம் வைத்துக்கொண்டிருக்கிறது. அடுக்குகளின் ஊடே கீழே பார்க்கும் ஏற்பாடு ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அது அளப்பது பணத்தை. இறக்குமதிப் பொருளின் மதிப்பு, வெளிநாட்டுக்குப் போகும் ராயல்டி முதலியவற்றைக் கழித்து, மீதி எத்தனை சதவீதம் என்பதே அதன் கேள்வி. ஜபல்பூர் பேரிங்கை அந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஜெர்மனியிலிருந்து வந்தாலும் இறக்குமதி, ஹெனானிலிருந்து வந்தாலும் இறக்குமதி. சதவீதத்தில் ஒரு புள்ளிகூட மாறாது.

அதே நடைமுறையில், லஞ்சம் கொடுக்கவோ வாங்கவோ மாட்டோம் என்று இரு தரப்பும் எழுதிக்கொடுக்கும் நேர்மை உடன்படிக்கை என்ற ஏற்பாடும் இருக்கிறது. அது 20 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கொள்முதல்களுக்கானது. 53 லட்சம் ரூபாய் ஆர்டர் அந்த வாசலுக்கு அருகில்கூட வராது. பாகம் சிறியதாக இருப்பதால் தொகை சிறியது. தொகை சிறியதாக இருப்பதால் கண்காணிப்பு மெலிது. ஆனால் பாகம் உடைந்தால் நிற்பது முழுப் பீரங்கி.

தொழில் உரிமத்திலும் இதே நிலைதான். 2014 ஜூனில் மத்திய அரசு பாதுகாப்புத் தொழிலுக்கான உரிமப் பட்டியலைச் சுருக்கியபோது, வார்ப்புகள், ஃபோர்ஜிங், பாகங்கள் போன்றவற்றுக்கு உரிமம் தேவையில்லை என்றாக்கியது. சிறு தொழிலுக்கு அது பெரிய நன்மை. கப்பலூர்ப் பட்டறை உரிமம் கேட்டு டெல்லிக்கு அலைய வேண்டியிருந்தால் அந்த ஓ-ரிங்கே பிறந்திருக்காது. அந்தத் தளர்வைத் திரும்பப் பெற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உரிமம் போனபோது, யார் எதைச் செய்கிறார்கள் என்று அரசுக்குத் தெரிவித்துக்கொண்டிருந்த ஒரே வழியும் போனது. அதற்கு மாற்றாக எளிய பதிவு ஒன்றைக்கூட யாரும் யோசிக்கவில்லை என்பதே குறை.

எல்லை நாடுகளைப் பற்றிய 2020 ஜூலை ஆணை பலருக்கு நினைவிருக்கும். இந்தியாவோடு நில எல்லையைப் பகிரும் நாடுகளைச் சேர்ந்தவர்கள் அரசுக் கொள்முதலில் பங்கேற்க முன்பதிவு வேண்டும் என்று நிதி அமைச்சகம் சொன்னது. பின்னர் வந்த விளக்கங்களின்படி, அந்நாடுகளில் முழுமையாகத் தயாரான பொருளை வாங்கி அப்படியே விற்றால் அந்த உற்பத்தியாளர் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆனால் ஒருவர் தன் பொருளுக்குள் சேர்க்கும் மூலப்பொருளையும் பாகங்களையும் அங்கிருந்து வாங்குவது துணை ஒப்பந்தமாகக் கருதப்படாது. தொழில் நடக்க வேண்டும் என்ற நோக்கில் அது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆயுதத்துக்கு மட்டும் அதே அளவுகோல் போதாது என்பதைப் பாதுகாப்பு அமைச்சகமே பின்னர் உணர்ந்ததுபோல் தெரிகிறது: தரைப்படைக்கான 400 சரக்கு ட்ரோன்களை வாங்குவதற்குப் போடப்பட்டிருந்த, 230 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள், அவற்றில் சீனப் பாகங்கள் இருந்த காரணத்தால் ரத்து செய்யப்பட்டதாக 2025 பிப்ரவரியில் செய்திகள் வெளியாயின. ரத்து செய்வது தண்டனை. ஒப்பந்தம் போடும் நாளிலேயே பாகங்களின் ஊர் தெரிந்திருந்தால் அந்தத் தண்டனைக்கும் காலவிரயத்துக்கும் தேவை இருந்திருக்காது.

தர உறுதியின் பொறுப்பு, டி.ஜி.கியூ.ஏ. என்று அழைக்கப்படும், பாதுகாப்பு அமைச்சகத்தின் தர உறுதித் தலைமை இயக்ககத்திடம் இருக்கிறது. முடிந்த ஆயுதத்தையும் முக்கியக் கட்டங்களையும் அது பார்க்கிறது. உள்ளே வரும் பாகங்களைப் பார்ப்பது பெரும்பாலும் தொழிற்சாலையின் வேலை. சி.ஏ.ஜி. தணிக்கை அரசு நிறுவனத்தின் கோப்புகள் வரை வரும். தனியார் விற்பனையாளரின் கிடங்குக்குள் போகாது. ஜி.எஸ்.டி. மட்டும்தான் உண்மையில் கடைசிப் பட்டறை வரை போகிறது. ஜாப் வொர்க்குக்கு அனுப்பிய பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும், டெலிவரி சலான் வேண்டும் என்று அது ஒவ்வோர் அசைவையும் எழுதிவைக்கிறது. வரிக்காக நம் அரசால் கப்பலூர் வரை ஒரு ரப்பர் வளையத்தைத் தொடர முடிகிறது. படைவீரரின் உயிருக்காக ஏன் முடியாது என்ற கேள்வியை நான் மிகுந்த மனவருத்தத்தோடுதான் எழுப்புகிறேன்.

வேறு நாட்டில் நடந்தது

அமெரிக்க செனட்டின் படைத்துறைக் குழு, 2009, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆயுதங்களில் போலி மின்னணுப் பாகங்கள் புகுந்தது பற்றி விசாரித்து 2012 மே மாதம் அறிக்கை தந்தது. சந்தேகத்துக்குரிய 1,800 நிகழ்வுகள், மொத்தம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பாகங்கள் என்பது அதன் கணக்கு. அதில் நம் கட்டுரைக்கு நேரடியாகப் பொருந்துவது கடற்படையின் எஸ்.எச்-60பி ஹெலிகாப்டர் பற்றிய பகுதி. அதன் இரவுப் பார்வைக் கருவியின் ஃபில்டர்களில் இருந்த சந்தேகத்துக்குரிய சிறு மின்னணுப் பாகங்கள் எங்கிருந்து வந்தன என்று குழு பின்னோக்கிப் போனது: டெக்சாஸ், மாசசூசெட்ஸ், கலிபோர்னியா மாநில நிறுவனங்கள், பிறகு பிரிட்டனில் ஒரு நிறுவனம், கடைசியில் சீனாவின் ஷென்ஜென். உலகின் மிகப் பெரிய கொள்முதல் அமைப்பைக் கொண்ட நாட்டில், நாடாளுமன்றக் குழுவின் அதிகாரத்தோடு தேடியபோதுதான் அந்தத் தொடர் தெரியவந்தது.

அறிக்கை வெளியாகும் முன்பே, 2011 டிசம்பரில் நிறைவேறிய, 2012 நிதியாண்டுக்கான அமெரிக்கப் பாதுகாப்புச் சட்டத்தின் 818ஆம் பிரிவு, போலிப் பாகத்தை மாற்றும் செலவை அரசிடம் கோரக் கூடாது, அது ஒப்பந்ததாரரையே சேரும் என்றும், சந்தேகம் வந்த 60 நாட்களுக்குள் அரசின் பொதுத் தகவல் தொகுப்பில் தெரிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. இதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2022 செப்டம்பரில், எஃப்-35 விமானத்தின் ஒரு பம்ப் காந்தத்தில் சீன உலோகக் கலவை இருப்பது தெரிந்து விமான ஒப்படைப்பே நிறுத்திவைக்கப்பட்டது. மறுமாதம் சிறப்பு விலக்கு கொடுத்தே மீண்டும் தொடங்கினார்கள். ஆனாலும் அங்கே கீழ் அடுக்கில் ஒரு நிறுவனம் தானாக முன்வந்து சொன்னால், அதைக் கேட்டுக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. நம் கப்பலூர் உரிமையாளருக்கு, தன் வளையத்தின் தேதி மேலே மாற்றப்படுகிறது என்று நாளை தெரியவந்தால், யாரிடம் போய்ச் சொல்வார்? சொன்னால் அடுத்த ஆர்டர் வருமா?

செய்யக்கூடியவை

முதலாவதும் மிக முக்கியமானதும், உண்மையில் செய்தவரின் பெயர் அரசுக்குத் தெரிய வேண்டும் என்பது. அரசுக்கு என்று சொல்கிறேன். வாங்கும் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவுக்கு அன்று. இடைநிலை நிறுவனத்தின் அச்சம் நியாயமானது என்பதால், ஒவ்வோர் அடுக்கும் தனக்குக் கீழே இருப்பவரின் பெயரை டி.ஜி.கியூ.ஏ.விடம் மட்டும் மூடிய பதிவாகத் தெரிவிக்கலாம். விலைபேசும் கையும் தரம் பார்க்கும் கையும் வேறுவேறாக இருக்கும்வரை யாருடைய பிழைப்பும் கெடாது. உள்நாட்டு உள்ளடக்கத்துக்காக ஏற்கெனவே அடுக்கடுக்காகச் சான்று வாங்கும்போது, அதே படிவத்தில் செய்தவர் பெயர், ஊர், பேட்ச் எண் ஆகிய மூன்று கட்டங்களைச் சேர்ப்பது பெரிய சுமை ஆகாது.

அடுத்து, மூலச் சான்றிதழைத் தந்தவரிடமே நேரடியாக உறுதிப்படுத்த வேண்டும். விற்றவர் கொடுத்த முகவரிக்கு எழுதாமல், தொழிற்சாலையே தேடிக் கண்டுபிடித்த முகவரிக்கு எழுத வேண்டும். அளவு விலகலோடு ஒரு பாகம் ஏற்கப்படும் ஒவ்வொரு முறையும், ஏற்ற அலுவலரின் பெயரோடும் காரணத்தோடும் தனிப் பதிவு இருக்க வேண்டும். வரைபடத்துக்குப் பொருந்தாத பாகத்தை இலவச மாற்று என்ற உறுதியோடு ஏற்றுக்கொள்வது, வீட்டு மிக்சிக்கு வேண்டுமானால் சரி. போர்முனையில் நிற்கும் பீரங்கிக்கு மாற்றுப் பாகம் கூரியரில் வந்து சேராது. விலகல் பதிவேட்டைச் சி.ஏ.ஜி. ஆண்டுதோறும் பார்த்தால், எந்த விற்பனையாளரின் பொருள் திரும்பத் திரும்ப விலகலோடு ஏற்கப்படுகிறது என்பது ஒரே அமர்வில் தெரிந்துவிடும்.

2021 அக்டோபர் 1-ல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, அதன் 41 தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. ஜபல்பூர் கன் கேரேஜ் தொழிற்சாலையும் திருச்சி படைக்கலத் தொழிற்சாலையும் இப்போது ஒரே நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. ஜபல்பூரில் நடந்ததாகச் சொல்லப்படுவதிலிருந்து பெற வேண்டிய பாடம் திருச்சிக்கும் உரியது. திருச்சி மதுரையிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணம். அங்கிருக்கும் தரப் பொறியாளர்கள் காலாண்டுக்கு ஒருமுறை மதுரைக்கு வந்து, கீழ் அடுக்குப் பட்டறைகளை நேரில் பார்க்கலாம். நுழையும் உரிமை ஒப்பந்தத்தின் எல்லா அடுக்குக்கும் பொருந்தும் என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். வருபவர்கள் குற்றம் தேடும் அதிகாரிகளாக அல்லாமல், எண்ணெய்ச் சோதனைக்கு மாதிரி எடுத்துப் போகிறவர்களாக இருந்தால் பட்டறைகள் கதவைத் திறந்தே வைத்திருக்கும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

கடைசியாகப் பணம். சிறு தொழில் சட்டம் 2006-ன்படி 45 நாட்களுக்குள் கொடுக்க வேண்டிய பணம் கீழ் அடுக்குக்கு வந்து சேர எவ்வளவு காலமாகிறது என்பது கப்பலூரிலும் புதூரிலும் யாரைக் கேட்டாலும் தெரியும். தாமதத்துக்கு வட்டி கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. கேட்டவருக்கு அடுத்த ஆர்டர் இருக்காது என்பதால் யாரும் கேட்பதில்லை. பணம் நாள்கணக்கில் தேங்கி, விலையும் ஆண்டுக்காண்டு குறைக்கப்படும்போது, நல்ல காம்பவுண்டில் கொஞ்சம் ரீகிளெய்ம் சேர்க்கும் ஆசை நேர்மையானவருக்கும் வரும். எனவே பாதுகாப்பு ஒப்பந்தங்களில் முதல்நிலை நிறுவனம் தன் பில்லுக்குப் பணம் பெறும் முன், கீழ் அடுக்குகளுக்குக் கொடுத்துவிட்டதற்கான சான்றைக் காட்ட வேண்டும். சோதனைக் கட்டணம் பாகத்தின் விலைக்குள் கரைந்துபோகாமல், ஆர்டரில் தனி வரியாக, அது எந்த அடுக்கில் செய்யப்படுகிறதோ அந்த அடுக்குக்கே போய்ச் சேரும்படி எழுதப்பட வேண்டும். அப்படி எழுதப்படாத வரை, அந்த 70 மணி நேரச் சோதனையின் செலவு பிசிறு நறுக்கும் பெண்களின் கூலியிலிருந்தோ உரிமையாளரின் கைக்காசிலிருந்தோதான் வரும். இரண்டும் இல்லாத மாதத்தில் சோதனை நடக்காது.